ஒரு பாட்டு, ஒரு பெயர்: சுங்கை சிப்புட் பாட்டு மாலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மாதம் ஒரு சாயங்காலம் கூடிப் பாட்டுப் போட்டுக் கேட்டுப் பேசுகிற எங்கள் பாட்டு மாலைக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, எத்தனை பாட்டு கொண்டுவரலாம்?" ஒன்று என்று சொன்னதும் முகம் வாடிவிடும். ஃபோனில் 600 பாட்டு வைத்திருப்பவரிடம் ஒன்றே ஒன்று எடுத்து வாருங்கள் என்றால் வாடத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றுதான். ஏன் ஒன்று, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படித் தயார்செய்வது, நாலு பேர் நடுவில் எப்படிப் போட்டுக் காட்டுவது என்பதையெல்லாம் புதியவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கூலிம், பீடோங், தெலுக் இந்தான் என்று எந்தத் தோட்டத்து ஊரில் நாலு பேர் சேர்ந்தாலும் இது பொருந்தும்.

பாட்டைப் பகிர்ந்துகொள்வது தோட்டத்து ஆட்களுக்குப் புதிது இல்லை. இன்று மின்னல் எஃப்எம் என்று இருக்கிற, அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் தமிழ் வானொலிக்கு அன்றைக்கு அட்டை எழுதிப் போடுவோம். எந்தப் பாட்டு வேண்டும் என்பதற்கு ஒரு வரி போதும். மிச்ச இடம் முழுக்கப் பெயர்கள். அப்பா, அம்மா, பெரியப்பா, சின்னம்மா, வேறு தோட்டத்தில் வாக்கப்பட்ட அக்கா, அவள் பிள்ளைகள், பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) நண்பர்கள். அறிவிப்பாளர் அத்தனை பேரையும் வாசிப்பார். நம் வீட்டுப் பெயர் வரும்வரை யாரும் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். அப்புறம்தான் பாட்டு. இன்றும் சில பாட்டுகளை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் அந்தப் பெயர்கள்தான் காதில் விழுகின்றன.

எங்கள் கூட்டத்தில் நாங்கள் கேட்பதும் அதைத்தான். பாட்டு வரும்போது அதோடு ஒரு பெயரும் வரவேண்டும். இதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? யார் வீட்டு வானொலியில் கேட்டீர்கள்? யார் முணுமுணுத்து உங்கள் வாயில் ஏறியது? அதைச் சொல்ல முடிந்தால் அந்தப் பாட்டைக் கொண்டுவாருங்கள்.

இந்த ஊரில் அது கஷ்டம் இல்லை. இங்கே நம் ஆட்களில் பலர் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாகின, ஆட்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்தார்கள். வீடு மாறும்போது கட்டிலும் அலமாரியும் முதலில் ஏறின. கேசட் பெட்டி கடைசி நடையில் ஏறி, ஸ்டோர் அறையில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. அந்த மாதிரி மூன்று பெட்டிகளில் இருந்துதான் எங்கள் பாட்டு மாலை தொடங்கியது.

ஏன் ஒன்று என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம், ஒருவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் 8 பேர் கூடுகிறோம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்று வையுங்கள். அதற்கு முன்னால் 2 நிமிடம் பேச்சு, பின்னால் 8 நிமிடம் பேச்சு. மொத்தம் கிட்டத்தட்ட 2 மணி நேரம். ஆளுக்கு இரண்டு பாட்டு என்றால் பேச்சை வெட்ட வேண்டியிருக்கும். பேச்சு இல்லாமல் பாட்டு மட்டும் கேட்பதற்கு வீட்டிலேயே இருக்கலாமே.

தேர்ந்தெடுப்பது

உலகத்திலேயே சிறந்த பாட்டைத் தேடி அலையாதீர்கள். யாரும் கேட்டிராத அபூர்வமான பாட்டாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. வருவதற்கு முந்தின வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபோன், வானொலி எதுவும் ஓடாத நேரத்தில், சமைக்கும்போதோ குளிக்கும்போதோ மோட்டார் ஓட்டும்போதோ தானாக வாயில் வருவது எது என்று கவனியுங்கள். ஒரு வாரத்தில் மூன்று பாட்டாவது வரும். மூன்றையும் உட்கார்ந்து கேளுங்கள். எதைக் கேட்கும்போது ஒரு ஆளின் முகம் கூடவே வருகிறதோ, அதுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். முதல் தடவை வந்தபோது அவர் கொண்டுவந்தது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். எங்களோடு இருந்த ஒரு பையன் கேட்டேவிட்டான்: "இதைத்தான் கோயில்ல தினமும் கேட்கிறோமே தாத்தா?" அவர் கோபப்படவில்லை. "நீ வெளிச்சத்துல கேட்டிருக்கே தம்பி. நான் இருட்டுல கேட்டேன்" என்றார். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அவரவர் பால்வெட்டும் மரவரிசையான நிரைக்கு நடப்பார்களாம். தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் கவசம் ஓடிக்கொண்டிருக்கும். மரங்களுக்குள் போகப் போகக் குரல் தேயும். எந்த வரியில் குரல் சுத்தமாக நின்றுபோகிறதோ, அங்கேதான் அவருடைய மனைவியின் நிரை தொடங்கும். தாத்தா இன்னும் நடக்கவேண்டும். "அந்த வரி வந்தா அவ வாளியைக் கீழ வைப்பா" என்றார். அப்புறம் நாங்கள் அதைப் போட்டுக் கேட்டோம். ஆயிரம் தடவை கேட்ட கவசம்தான். அன்றைக்கு எல்லோரும் அந்த ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்று தயங்க வேண்டாம். இளையவர்கள் உறுமி மேளம் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஒரு தங்கச்சி தன் அண்ணன் கோயில் திருவிழாவில் வாசித்ததை ஃபோனில் பிடித்துக்கொண்டு வந்தாள். மேளம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் ஃபோன் மைக் தாங்காமல் சத்தம் கரகரவென்று உடைகிறது. பரவாயில்லை. அண்ணன் இப்போது சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார், அந்தக் கரகரப்போடுதான் கேட்டோம். பதிவு நன்றாக இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறவன்தான் நான். ஆனால் வேறு பதிவே இல்லாத இடத்தில் இருக்கிற பதிவுதான் நல்ல பதிவு.

முழு ஆல்பம் கொண்டுவர விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குகிறோம், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. அன்றைக்கு இரண்டே பேர்தான் கொண்டுவரலாம், அதுவும் ஒரு பக்கம் மட்டும். எந்த மாதிரி ஆல்பம் இதற்குப் பொருந்தும் என்று யோசியுங்கள். படப் பாட்டு ஆல்பத்தில் ஐந்தாறு பாட்டு இருக்கும். எந்தப் பாட்டை முதலில் கேட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை, படத்தில் வருகிற வரிசைகூட வேறாக இருக்கலாம். 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ அப்படி இல்லை. படத்துக்காகச் செய்யாதது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாகச் செய்தது. அதில் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவிப் போட்டால் மற்றதோடு அது பேசிக்கொள்வது கேட்காது. அப்படிப்பட்டவற்றை ஆல்பம் மாலைக்கு வையுங்கள்.

படப் பாட்டு கேசட்டுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. முந்தி ஒரே கேசட்டில் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் வேறு படம் என்று வரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களைக் கேசட் சேர்த்துவைத்துவிடும். அப்படி உங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்ட ஜோடி இருந்தால், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு போடலாம். அதற்கு மட்டும் இரண்டு அனுமதி.

சீட்டு எழுதுவது

பாட்டைப் பற்றிய குறிப்புச் சீட்டுக்கு ஒரு அரைத்தாள் போதும். பாட்டின் முதல் அடி, படம் அல்லது ஆல்பத்தின் பெயர், வருடம், பாடியவர், இசை, எழுதியவர். கடைசியில், இது உங்களிடம் வந்த வழி. பாடியவர் பெயரை நன்றாகப் பார்த்து எழுதுங்கள். 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ படத்து ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’ பாட்டைக் கொண்டுவந்து, ஆண்குரல் எஸ்.பி.பி. என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் விடமாட்டார்கள். அது மலேசியா வாசுதேவன். நம் மண்ணில் பிறந்து சென்னைக்குப் போய்ப் பாடியவர்.

எழுதியவர் பெயரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். யூடியூபில் அது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிக்கார்டு உறையோ கேசட் அட்டையோ இருந்தால் அதைப் பாருங்கள்.

இந்தச் சீட்டு எதற்கு என்று கேட்டால் ஒரு மாலையைச் சொல்வேன். ஒரு தம்பி ‘மடை திறந்து’ கொண்டுவந்தான். நம் நாட்டு ராப் கலைஞர்கள் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பத்தில் வந்தது, 2006. அவனுக்கு அதைக் கொடுத்தது பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தினமும் காலையில் போடுவாராம். சீட்டில் எழுதியவர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தான். பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் பேனாவை வாங்கி ‘வாலி’ என்று எழுதி, கீழே ‘நிழல்கள், 1980, இளையராஜா, எஸ்.பி.பி.’ என்று சேர்த்தார். மூலப் பாட்டு வேறு என்று அவனுக்குத் தெரியும், ஆனால் முழுசாகக் கேட்டதில்லை. மாமாவுக்குப் புதியதைப் பற்றித் தெரியும், ஆனால் நின்று கேட்டதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். ராப் வருகிற இடத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை போடச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் 26 வருடம். ஒரு காலி இடம் இருந்ததால் அந்தப் பேச்சு வந்தது. தெரியாததைக் காலியாக விடுங்கள், குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள்.

கேசட் கொண்டுவருகிறீர்களா?

அப்படியென்றால் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். அவசரத்தில் கேசட்டைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் வேலை, அட்டையைப் படம் எடுப்பது. பெட்டிக்குள் மடித்துவைத்த அட்டையை விரித்து, இரண்டு பக்கமும், வெளிச்சத்தில். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அப்பா வானொலியிலிருந்து பிடித்த கேசட் ஒன்றை நான் குறுந்தட்டில் ஏற்றித்தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். நாடா அறுந்து, நடுவில் ஒட்டுப் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அட்டை இல்லை. கிழிந்திருந்ததாம், குப்பையில் போட்டுவிட்டார்களாம். அதில் அப்பா நீல மையில் 11 பாட்டின் முதல் அடியை எழுதியிருந்தார். ஏழாவதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார். ஏன் என்று அவர் இருந்தபோது கேட்கவில்லை. பாட்டுகள் எல்லாம் எங்கேயும் கிடைக்கின்றன. அந்தக் கோடு கிடைக்காது.

அடுத்து, கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுக்கண்ணாடி வழியாகச் சுற்றிய நாடாவின் ஓரம் பழுப்பாக, சீராக, ஒரு வழவழப்போடு தெரியவேண்டும். வெள்ளைப் பொடி தூவியது போலவோ புள்ளி புள்ளியாகவோ தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டோர் அறையில் கிடந்த கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைப் பிளேயரில் போடவே போடாதீர்கள். பொடி பிளேயரில் நாடாவைப் படிக்கிற பகுதியான ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் போகும். காற்றுப் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு தனியாக வைத்துக் கொண்டுவாருங்கள். பூஞ்சைக் கேசட்டுக்கென்றே ஒரு பழைய பிளேயரை ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

பூஞ்சை இல்லையா? சரி, இப்போது நாடா வெளியே தெரிகிற வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செம்புத் தகடு ஒன்று வளைந்திருக்கும். அதன்மேல் அரிசி இரண்டை ஒட்டிவைத்த அளவில் ஒரு கம்பளித் துண்டு. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். வருடக்கணக்கில் பசை காய்ந்து அந்தத் துண்டு உதிர்ந்துவிடும். அப்போது பாட்டு மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும், சத்தம் ஏறி இறங்கும். கேசட் செத்துவிட்டது என்று தூக்கிப்போட்ட பலர் இந்தத் துண்டைப் பார்த்ததே இல்லை. பாட்டு அப்படியே இருக்கிறது, கூடுதான் கெட்டது.

கூட்டை மாற்றிவிடலாம். கேசட்டில் ஐந்து சின்ன ஸ்குரூ இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒட்டி மூடியதாக இருந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம். ஸ்குரூ உள்ளதென்றால் அதே மாதிரி வேறொரு கேசட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் வெள்ளைத் தாள் விரியுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் சின்ன உருளைகள் உருண்டோடும். இரண்டு கேசட்டையும் படுக்கவைத்துத் திறந்து, உங்கள் நாடாச் சக்கரம் இரண்டையும் சேர்த்தே தூக்கி நல்ல கூட்டில் வையுங்கள். நாடா போகும் வழி மற்ற கேசட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் 10 நிமிடம்.

பிறகு தொய்வாக இருக்கும் நாடாவை ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். போட்டவுடன் பாடவிடாமல், கடைசிவரை ஓட்டி, மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இப்படிச் செய்தால் பிரியும். பிளேயர் ஹெட்டைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு வெறும் ஈரத்துணி போதும். குரல்கள் எல்லாம் கனத்து, தூக்கத்தில் பாடுவது போல இருந்தால் பாடகரையோ கேசட்டையோ சந்தேகப்படாதீர்கள், பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும்.

கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னப் பல் இருக்கும். பாட்டுப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது இடது ஓரத்துப் பல் அந்தப் பக்கத்துக்கு உரியது. அதை ஒடித்துவிட்டால் தவறுதலாக யாரும் அதன்மேல் பதிவுசெய்ய முடியாது. அப்பா, அம்மா குரல் இருக்கிற கேசட் என்றால் இப்போதே எழுந்துபோய் ஒடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

ரிக்கார்டு கொண்டுவருகிறவர்கள் குறைவு, ஆகவே சுருக்கமாக. நிறுத்திவைத்துக் கொண்டுவாருங்கள், அடுக்கிப் படுக்கவைக்காதீர்கள், காரில் வெயிலில் விடாதீர்கள். தாத்தா காலத்து 78 சுற்று ரிக்கார்டு என்றால் இரண்டு விஷயம். அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும். பிந்தி வந்த எல்பி ரிக்கார்டுக்கான ஊசியில் அதைப் போடவும் கூடாது. அதில் ஊசி ஓடும் வரிப்பள்ளம் அகலமானது, வேறு ஊசி வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் ஓடும். அந்த 3 நிமிடத்துக்குள் பல்லவியும் சரணமும் எப்படி அடங்கின என்று கேட்பதே தனி ருசி.

ஃபோனில் கொண்டுவருகிறவர்களுக்கு

பாட்டை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக யூடியூபில் போட்டால் சரணம் தொடங்குகிற நேரத்தில் விளம்பரம் வந்து நிற்கும், அப்புறம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் அந்த இடம் திரும்ப வராது. ஏரோப்ளேன் மோடில் வையுங்கள், நடுவில் அழைப்பு வராது. ஸ்பீக்கரோடு இணைத்து, அரை நிமிடம் ஓட்டி, கூட்டம் தொடங்குமுன்னே சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இணையத்தில் ஏற்றுகிற சிலர் உரிமைப் பிரச்சினையில் மாட்டாமல் இருக்கப் பாட்டின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்துவிடுகிறார்கள். சிலர் பழைய பாட்டுக்கு எதிரொலி சேர்த்து, தாளத்தைத் தூக்கி வைக்கிறார்கள். தினமும் அதையே கேட்டுப் பழகியவருக்கு அதுதான் மூலம் என்று தோன்றிவிடும். இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டின் நீளம் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒரு சரணம் விடுபட்டிருக்கும். படத்தில் வராத சரணம் ரிக்கார்டில் இருப்பதும் உண்டு.

போட்டுக் காட்டும் நேரம்

உங்கள் முறை வரும்போது 2 நிமிடம் பேசுங்கள். பாட்டுக்குரிய ஆளைப் பற்றி மட்டும். பாட்டில் எது அழகு, எங்கே கவனிக்கவேண்டும், எங்கே கண்ணீர் வரும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ‘இப்ப வரும் பாருங்க’ என்று கையைத் தூக்கினால் எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

முன்னிசை தொடங்கியதும் பேச்சு நிற்கவேண்டும். நம் பழக்கத்தில் இதுதான் கஷ்டம். முன்னிசையும் இடையிசையும் பேசுவதற்கான இடைவேளை என்று நினைத்து வளர்ந்துவிட்டோம். பல பாட்டுகளில் இசையமைப்பாளர் தன் மனத்தில் உள்ளதை முழுக்கச் சொல்லியிருப்பது அந்த இடையிசையில்தான். கூடவே பாடுவது, தாளம் போடுவது, முறுக்குக் கடிப்பது எல்லாவற்றையும் இரண்டு பாட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். கச்சாங் பூத்தே என்கிற கடலை, முறுக்கு வகைகள் ஈப்போ புந்தோங்கிலிருந்து வருகின்றன, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கூட உண்டு, எதற்கும் குறைவிருக்காது.

கொட்டகை தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பாட்டை நிறுத்திவிடுவோம். சத்தத்தைக் கூட்டி மழையோடு போட்டிபோடுவதில்லை. அந்த நேரத்தில் பேச்சு நன்றாக நடக்கும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தால் கீழ்ச்சத்தம் குமுறும், ஆகவே முன்னால் இழுத்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் வைக்கிறோம்.

பாட்டு முடிந்ததும் உடனே யாரும் பேசவில்லை என்றால் பதறாதீர்கள். பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒருமுறை ஒரு அக்கா தன் பாட்டு முடிந்தவுடன், "ரொம்பப் பழசு, போரடிச்சிருக்கும்" என்று தானே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அப்போதுதான் பேச வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். உங்கள் பாட்டுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டாம்.

மற்றவர் பாட்டைக் கேட்பது

உங்களுக்குப் பிடிக்காத பாட்டும் வரும். பிடிக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். "இதை முதல்ல எங்க கேட்டீங்க?" என்பது எப்போதும் வேலைசெய்யும் கேள்வி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட கதை, திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் பார்த்த கதை எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

எம்.எஸ்.வி.யா இளையராஜாவா, இளையராஜாவா ரஹ்மானா என்ற வழக்கை இங்கே நடத்துவதில்லை. நாலு தடவை நடந்தது. நாலு தடவையும் அன்றைக்குப் பாட்டு கொண்டுவந்த புதியவர் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போனார். அதனால் நிறுத்திவிட்டோம்.

இரவலும் பிரதியும்

கூட்டம் முடிந்தால் கட்டாயம் யாராவது கேசட்டையோ ரிக்கார்டையோ கேட்பார்கள். கொடுப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். என்ன, யாருடையது, யார் எடுத்தது, எந்தக் கூட்டத்துக்குத் திரும்பும். ஒரே ஒரு பிரதி இருக்கிற பொருளை, பிரதி எடுக்குமுன் கொடுக்காதீர்கள். நண்பர் நல்லவர்தான், அவர் வீட்டுப் பிளேயர் எப்படியோ.

பிரதி எடுப்பது எளிது. பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் ஆடியோ உள்ளீட்டுக்கு ஒரு கேபிள். அந்தத் துளை இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பி ஆடியோ கருவி ஒன்று வேண்டும். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். பதிவின் அளவுக்கோடு சிவப்பைத் தொடாமல் சத்தத்தை வைத்து, வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். அவசரப்பட முடியாது, 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் உட்காரத்தான் வேண்டும். பாட்டுக்கு நடுவில் யாரோ இருமுவதும், நாய் குரைப்பதும், அறிவிப்பாளர் பெயர் வாசிப்பதும் வரும். வெட்டாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்து கேட்பது வேறு, பிரதி போட்டு விற்பதும் பொது மண்டபத்தில் ஒலிபரப்புவதும் வேறு. அதனால் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாங்கள் பாட்டுக் கோப்புகளைச் சுற்றவிடுவதில்லை. சீட்டின் படத்தை மட்டும் போடுகிறோம். விற்பனையில் இருக்கிற ஆல்பமாக இருந்தால், குறிப்பாக நம் நாட்டுக் கலைஞர்களுடையதாக இருந்தால், காசு கொடுத்து வாங்குங்கள்.

முதல் தடவை எதுவுமே கொண்டுவராமல் வரலாம். பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு, அடுத்த மாதம் எதைக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்கள்தான் இப்போது நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு ஸ்டோரில் கேசட் பெட்டி இருந்தால், மூக்கு வாயை மூடிக்கொண்டு, வெளியே காற்றோட்டத்தில் வைத்துத் திறங்கள். அட்டைகளை எடுத்து, வீட்டில் அப்பாவோ பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, இது யார் எழுத்து, எந்தத் தோட்டத்தில் இருக்கும்போது பிடித்தது, பக்கத்தில் கோடு ஏதும் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். அதற்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.